ஜாக்கி வைத்த கை

ஷானவாஸ் செத்துப் பன்னிரண்டாம் நாள், அவன் மேல் விழுந்த காரைப் பார்க்க இராஜபாளையம் போனோம்.

கார் அதே ஷெட்டில்தான் நின்றது. யாரோ தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். அந்த வீட்டில் பன்னிரண்டு நாளாக ஒரு சாமானும் இடம் மாறவில்லை போல. செருப்பு வைக்கிற பலகையில் இறந்தவனின் செருப்புகூட அப்படியே கிடந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது, எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பு. அங்கே போனதும் அதுவே மறந்துபோனது.

நான் பாண்டிசெல்வி. துப்பறியும் வேதசிரோமணியின் உதவியாள். உதவியாள் என்றால் கார் ஓட்டுவது, டீ வாங்குவது, சார் பேசக் கூடாது என்று நினைக்கிற நேரம் பார்த்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வது. சார் முப்பது வருஷம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தன் வீட்டு முன்னறையிலேயே பலகை மாட்டிவிட்டார். பலகையைப் பார்த்துவிட்டு லைசென்ஸ் எடுக்க வருகிறவர்கள்தான் இன்றைக்கும் அதிகம்.

எங்களைக் கூப்பிட்டது ஷானவாஸின் மனைவி நாஜியா. அவளைப் பார்க்க நான் மட்டும்தான் உள்ளே போக முடிந்தது. இத்தா இருக்கிறாள். புருஷன் இறந்ததிலிருந்து நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரவும் கூடாது. அடுப்படி ஜன்னல் ஷெட்டைப் பார்த்து இருந்தது. திரைக்கு இந்தப் பக்கம் அவளும் நானும், அந்தப் பக்கம் சார்.

"ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும்க்கா," என்றாள் நாஜியா. மளிகைச் சிட்டை வாசிக்கிற குரல். "ஜாக்கிய ஷமீர் தப்பா வச்சானா, இல்லையா?"

ஷமீர் இறந்தவனின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான்.

"அவன் என்ன சொல்றான்?"

"நான்தான் கொன்னேங்கான். போலீஸ்ட்டயும் அதையேதான் சொல்லியிருக்கான். காலைல பத்து மணிக்கு வண்டிக்கு எடப்பக்கம் ஜாக்கி வச்சேன், ஸ்டாண்டு போடல, பதினொண்ணுக்குக் கடைக்குப் போயிட்டேன், பாதி வேலையில ஜாக்கி நழுவிருச்சுன்னு. அவங்க விபத்துன்னு எழுதிட்டாவ. இவன் வீட்டுக்கே வாரதில்ல, கடைக்குள்ளயே கெடக்கான். எங்க மாமா, அவன் வாப்பா, அவரும் அவன்ட்ட ஒரு வார்த்தை பேசல. போன புதன்கிழமை தண்டவாளத்துல போயி உக்காந்திருக்கான்க்கா. கேட் கீப்பர்தான் எழுப்பிக் கூட்டிட்டு வந்தாராம். கேட்டா சும்மா உக்காந்தேங்கான்."

"அவன் தப்பா வச்சிருந்தா நான் அவன மன்னிக்கணும். வைக்கலன்னா அவனக் கூட்டிட்டு வந்து சோறு போடணும். எதுன்னு தெரியாம ரெண்டுல ஒண்ணயும் செய்ய முடியல. அடுத்த தடவ கேட் கீப்பர் பாக்கணுமே."

"அன்னைக்கு நீ எங்க இருந்த?"

"எங்க உம்மா வீட்டுல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சார் செருமினார். "செல்வி, வா. வண்டியத் தூக்கணும்."

எங்கள் காரிலிருந்து ஜாக்கியும் இரண்டு இரும்பு ஸ்டாண்டும் கொண்டுவந்து, பின்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். சார் கோரைப்பாயை விரித்து அடியில் போனார். வயது அறுபத்திரண்டு. வெளியே வர அரை மணி நேரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் படுத்தேன்.

ஷானவாஸ் மாட்டிய சாமான் தலைக்கு மேலே தெரிந்தது. ஸ்வே பார் என்பார்கள். பின் சக்கரம் இரண்டுக்கும் நடுவே அச்சுக்குக் கீழே குறுக்காகப் போடுகிற உருட்டுக் கம்பி. வளைவில் வேகமாகத் திரும்பினாலும் வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். கம்பெனிக்காரன் வைத்துத் தருவதில்லை. கார்ப் பைத்தியங்கள் தனியாக வாங்கி மாட்டிக்கொள்வார்கள். ஷானவாஸ் பேண்டேஜ் துணி மில்லில் மெஷின் பராமரிப்புப் பார்த்தவன், ஞாயிற்றுக்கிழமை லீவு, கை சும்மா இருக்கவில்லை.

"நட்டுல என்ன தெரியுது?" என்றார் சார்.

"நட்டு தெரியுது."

"செல்வி."

"நட்டுலேர்ந்து போல்ட்டு வரைக்கும் வெள்ளைப் பெயிண்டுல ஒரு கோடு. நாலு நட்டுலயும் இருக்கு."

ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து நாஜியாவின் குரல் வந்தது. "அது அவிய பழக்கம். மில்லுல நட்ட முழுசா முறுக்கி முடிச்சா இப்பிடிக் கோடு போட்டுருவாவ. பொறவு நட்டு நகந்துச்சுன்னா கோடு கோணிக்கிடும், பாத்ததும் தெரியும். எங்க வீட்டு மிக்ஸி, கட்டில், பேன் எல்லாத்துலயும் கோடு கெடக்கும்."

"முறுக்கி முடிக்காம போடுவாரா?"

"மாட்டாவ. ஒரு நா மிக்ஸில நான் தெரியாம கோடு போட்டுட்டேன்னு ரெண்டு நாள் பேசல. இப்ப நெனச்சா சிரிப்புதான் வருது."

அவள் சிரிக்கவில்லை.

சார் வெளியே வந்ததும் டூல்ஸ் பெட்டியைக் கிளறினார். கம்பியோடு வந்த செய்முறைத் தாள் கிரீஸ் கறையோடு அடியில் கிடந்தது. கடைசி வரியை என்னை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது நட்டைக் கையிறுக்கம் மட்டும் வைக்க வேண்டும். வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்தின் மேல் எடை உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்திருக்கிற ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

சுவரோரம் இரண்டு கனமான பலகைகள் கிடந்தன. இரண்டிலும் டயர் தடம். "இது மேல ஏத்தி நிப்பாட்டி அடியில போயிருக்கான்," என்றார் சார். "புரியுதா?"

புரிந்தது. கோடு போட்டாயிற்று என்றால் கடைசி முறுக்கு முடிந்துவிட்டது. கடைசி முறுக்கு முடிந்தது என்றால் வண்டி கீழே இறங்கிவிட்டது. ஷமீர் காலையில் வைத்த ஜாக்கி அதற்கு முன்பே வேலை முடிந்து ஓரமாகப் போயிருக்க வேண்டும்.

"பாதி வேலையில நழுவிருச்சுன்னு அவன் சொன்னது பொய்யி," என்றேன். "சார், கேசு முடிஞ்சுது. பொய் சொன்னவன்தான் செஞ்சிருக்கான். வாங்க, டீ குடிப்போம்."

"தன் தலையில பழி போட்டுக்கிட ஒருத்தன் பொய் சொல்லுவானா?"

"சொல்ல மாட்டான்."

"இவன் சொல்லியிருக்கானே."

எனக்கு டீ ஆசை போய்விட்டது.

"இன்னொண்ணு பாரு," என்று டார்ச் அடித்தார். கம்பியின் நட்டநடுவில் புதுக் கருப்புப் பெயிண்ட் பெயர்ந்து, பிறை மாதிரி, பல் பல்லாக ஒரு தடம். ஷெட்டு மூலையில் கிடந்த ஷானவாஸின் ஜாக்கியை எடுத்து, வண்டியைத் தாங்குகிற அதன் தலைக் கிண்ணத்தை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. கம்பியை மாட்டிய பிறகு யாரோ அந்த இடத்தில் ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கியிருக்கிறார்கள்.

"உருட்டுக் கம்பியில ஜாக்கி நிக்குமா சார்?"

"நிக்காது. அதான் விழுந்துருச்சு," என்றார்.

அடுத்து, சங்கரன்கோவில் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முத்துக்குமரன். ஷானவாஸ் கார் சாமான் எது கடன் கேட்டாலும் இவனிடம்தான் கேட்பான் என்று நாஜியா சொல்லியிருந்தாள். போனதும் சார் வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கே மூலையில் இரண்டு ஸ்டாண்டு இருந்தது.

"ஷானவாஸுக்கு இதக் குடுத்தியா?"

"குடுத்தேன் சார். சனிக்கிழம வாங்கிட்டுப் போனான்."

"திரும்ப எப்ப வந்துச்சு?"

முத்துக்குமரன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான். "ஞாயித்துக்கிழம பன்னெண்டரைக்கு. அவனே கார்ல கொண்டாந்து எறக்குனான். ஒரே சிரிப்பு. வளைவுல ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுதுலேன்னான்."

"வண்டில எதும் கோளாறு?"

"பின்னால கீச்சு கீச்சுன்னு சத்தம். ரப்பர வறட்டா மாட்டிட்டான். சிலிக்கான் கிரீஸ் தடவுனாப் போதும், ரெண்டு நிமிச வேலன்னு சொல்லி ஒரு பாக்கெட்டு குடுத்தேன்."

"இதெல்லாம் யார்ட்டயாவது சொன்னியா?"

"யாரு கேட்டா சார்?" சட்டென்று குரல் ஏறியது, அதே வேகத்தில் இறங்கியது. "நான் கிரீஸ் குடுக்கலன்னா அவன் திரும்ப அடியில போயிருக்க மாட்டான். ஸ்டாண்டயாவது வச்சுக்கோன்னு சொல்லியிருக்கலாம். வாங்கி மூலைல வச்சேன். இந்தக் கையால."

இந்தக் கேசில் ஆளாளுக்குத் தான்தான் கொன்றதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே பயமாக இருந்தது, நான் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தேன் என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

காரில் ஏறியதும் சார் இரண்டு போன் போட்டார். ஷமீரின் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னது: ஞாயிறு பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை ஷமீர் தன் கடையில்தான் இருந்தான், அவருடைய போனைத்தான் பிரித்துக்கொண்டிருந்தான், பிறகு சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பினான். நாஜியா சொன்னது: ஒன்றரைக்கு ஷமீர் போய்ப் பார்த்துக் கத்தியிருக்கிறான். மாமனார் அப்போது பகல் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

"அப்போ ரெண்டாவது ஜாக்கிய ஷமீர் வைக்கல," என்றேன். "அவனுக்கும் அது தெரியும். தெரிஞ்சே யாரையோ மறைக்கான்."

"இந்தக் காலத்துக் காருக்கு ஜாக்கி எங்க வைப்ப?"

"பக்கவாட்டுல, கதவுக்குக் கீழ, காடி வெட்டியிருக்கிற எடத்துல."

"பின் அச்சுக்கு அடியில வைக்கிறது யாரு?"

லாரிக்காரர்கள்தான் அச்சுக்குக் கொடுப்பார்கள். அபுபக்கர் ஆலங்குளத்துச் சுண்ணாம்புக்கல் லாரியை முப்பத்தெட்டு வருஷம் ஓட்டியவர் என்று வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டிருந்தோம். இறந்தவனின் வாப்பா.

"சார், வேண்டாம்," என்றேன். "இதோட விட்டுருவோம். ஷமீர் வைக்கலன்னு மட்டும் நாஜியாட்டச் சொல்லிட்டுப் போயிருவோம்."

"அப்ப யாருன்னு கேப்பாளே. அவன் தண்டவாளத்துல உக்காந்திருக்கான் செல்வி. பின் டயர்ல வால்வு பின்ன லேசா லூஸ் பண்ணி வையி."

நான் செய்தேன். செய்யும்போது சாரை மனதுக்குள் திட்டிய திட்டு அச்சில் ஏறாது.

அபுபக்கர் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷமீரைப் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாங்க என்று சார் சொன்னதும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்து பின் சீட்டில் ஏறினார். வா என்றால் வருவார், உட்கார் என்றால் உட்காருவார் என்கிற நிலையில் இருந்தார்.

ஊரைத் தாண்டி ஒரு தென்னந்தோப்பு நிழலில் டயர் உட்கார்ந்துவிட்டது.

"எனக்கு முட்டி மடங்காது பாய்," என்றார் சார். "இந்தப் பிள்ளைக்கு ஜாக்கி வைக்கத் தெரியாது."

எனக்குத் தெரியாதாம். சரி.

அபுபக்கர் இறங்கினார். முதலில் ரோட்டோரம் போய் இரண்டு கல் பொறுக்கிக்கொண்டு வந்து முன் சக்கரம் இரண்டுக்கும் முட்டுக் கொடுத்தார். காலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்கினார். அப்புறம் நான் நீட்டிய ஜாக்கியை வாங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தார். கை தானாக வண்டிக்கு அடியில் போயிற்று, பின் அச்சுக்கு நேராக.

அங்கே நின்றது.

ஒரு பஸ் போனது. ஒரு டூவீலர் போனது. அவர் கை அப்படியே இருந்தது. அப்புறம் ஜாக்கியை மெதுவாக வெளியே இழுத்து, மண்ணில் வைத்து, எழுந்து உட்கார்ந்தார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"டயர்ல காத்தப் பிடுங்கிவிட்டது நீங்கதானா?" என்றார்.

"ஆமா பாய்," என்றார் சார்.

"பரவால்ல." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். "ஸ்டாண்டக் குடுத்துட்டு வந்தான். சத்தம் வருது வாப்பா, கொஞ்சம் தூக்கிக் குடுங்க, நான் கை கழுவிட்டு வந்துருதேன்னான். ஒரு பக்கமாத் தூக்கக் கூடாது, ரெண்டு சக்கரமும் சமமா எந்திரிக்கணும்னான். நான் நடுவுல குடுத்தேன். லாரில அப்பிடித்தான். அந்தப் புதுக் கம்பில வைக்கலாமாடான்னு கேட்டேன். ரெண்டு நிமிச வேலதான, இருக்கட்டும்னு உள்ள போயிட்டான். பாங்கு சொல்லிட்டாங்க. நான் பள்ளிக்குப் போயிட்டேன்."

"வந்து பாக்கும்போது?"

"ஆளு கூட்டமா நிக்கி. நடுவுல நின்னு சின்னவன் கத்துதான், நான்தான் வச்சேன், நான்தான் வச்சேன்னு. எனக்கு நாக்கு எந்திரிக்கல. அவன் சின்னப் புள்ள, யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாவன்னு நெனச்சேன் போல. என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியல. மறுநாளு சொல்லலாம்னு பாத்தேன். மறுநாளு அவன் மூஞ்சியப் பாக்க முடியல."

ஊரே அவர் மகன் மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்கு அழுகையும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. குனிந்து காடியில் ஜாக்கியை வைத்து டயரை மாற்றினேன். அவர் ஒவ்வொரு நட்டாக எடுத்துக் கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஷமீரின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே டியூப்லைட் எரிந்தது. அபுபக்கர் குனிந்து உள்ளே போனார். நாங்கள் வாசலோடு நின்றோம். ஷமீருக்கு இருபத்தாறு வயது இருக்கும், தாடி கண்டபடி வளர்ந்திருந்தது. யாருடையதோ உடைந்த போனைக் கையில் வைத்திருந்தான், அதை ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை.

"ஜாக்கி நான் வச்சதுலே," என்றார் அபுபக்கர்.

"தெரியும் வாப்பா."

சார் சட்டென்று என் கையைப் பிடித்தார். இப்படி ஒரே வார்த்தையில் ஒத்துக்கொள்வான் என்று அவரே எதிர்பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"முன் சக்கரத்துல ரெண்டு கல்லு கெடந்துச்சு," என்றான் ஷமீர். "நம்ம வீட்டுல கல்லு போடுறது நீங்க மட்டுந்தான். ஆளுக வண்டியத் தூக்கிட்டிருக்கும்போது அத எடுத்து சாக்கடையில போட்டேன்."

"தெரிஞ்சுட்டு எதுக்குலே உன் தலையில போட்டுக்கிட்ட?"

"உங்களப் போலீசு கூட்டிட்டுப் போயிரும்னு நெனச்சேன். இந்த வயசுல."

"பொறவு எதுக்கு வீட்டுக்கு வராம இங்க கெடந்த? என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லலே."

ஷமீர் போனைக் கீழே வைத்தான். "நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். யார்ட்டயும் வேண்டாம், என்ட்ட மட்டும். அடக்கம் முடிஞ்ச அன்னைக்குப் பாத்தேன். மறுநாளு பாத்தேன். தண்டவாளத்துல உக்காந்திருக்கும்போதும் உங்க போனு வரும்னுதான் கைல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அபுபக்கர் அவன் கன்னத்தில் அறைந்தார். அப்புறம் அதே கையால் அவன் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"நாஜியாக்குப் போனப் போடு," என்றார்.

"வேண்டாம் வாப்பா. மதினி தாங்க மாட்டாவ."

"போடுலே."

அவர் சொன்னார். கை கழுவப் போனதிலிருந்து, பாங்கு வரைக்கும், கூட்டம் வரைக்கும், சாக்கடையில் போட்ட கல் வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொன்னார். ஷமீர் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். லைன் போய்விட்டதோ என்று நான் நினைத்தேன்.

"மாமா," என்றாள் நாஜியா.

"சொல்லு தாயி."

"ஷமீர் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான்."

"ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க." மூச்சு வாங்கியது அவளுக்கு. "உங்கள நல்லாக் கேக்கணும் மாமா. அம்புட்டு ஆத்திரமா வருது. போன்ல கேக்க முடியாது. நேர்ல வாங்க."

"வாரேன் தாயி," என்றார் அபுபக்கர்.